ஒரிசாவில் மின்சாரம் கைமாறிய வரலாறு

மின்சாரத்தை அரசே நடத்துவதா, தனியாரிடம் ஒப்படைப்பதா என்னும் வழக்கு நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. இருதரப்பாரும் கொள்கை பேசுகின்றனரேயன்றி, இதனை நாட்டிலேயே முதன்முதலாகச் செய்துபார்த்த மாநிலத்தின் பட்டறிவை எண்ணிப் பார்ப்பது அரிது. அம்மாநிலம் ஒரிசா, 2011 முதல் அதன் பெயர் ஒடிசா.

1948-ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டம் மாநிலந்தோறும் மின்வாரியங்கள் அமைய வழி செய்தது. ஆதாயம் தராத சிற்றூருக்கும் கம்பி இழுக்க வேண்டுமென்றால் அதை அரசுதான் செய்யவேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். ஒரிசாவின் வாரியம் 1961-இல் பிறந்தது. ஊர்களுக்கு விளக்கு வந்தது. ஆனால் 1990-களில் வாரியம் கடனில் மூழ்கியிருந்தது. வழங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்குக்குக் காசு வரவில்லை. கம்பியிலேயே வீணாவது இதில் ஒரு பகுதிதான். மீட்டர் இல்லாத இணைப்பு, கொக்கி போட்டு இழுக்கும் திருட்டு, கண்டும் காணாத ஊழியர், வசூலிக்கத் தயங்கிய அரசியல் எல்லாம் அதற்குள் அடக்கம்.

உலக வங்கியின் கடனுதவியோடு சீர்திருத்தம் தொடங்கியது. 1996 ஏப்ரல் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்து வாரியம் பிரிக்கப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்க, மாநில அரசுகளுக்கு அதுவரை வழக்கமில்லாத ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றும் அமைந்தது. அது நற்செயல் என்றே சொல்வேன். ஆனால் பிரிக்கும்போதே வாரியத்தின் பழைய சொத்துகளுக்குப் புதுவிலை போட்டு மதிப்பை உயர்த்தினார்கள். பழைய வீட்டுக்குப் புதுவிலை எழுதிப் பாகம் பிரித்தால், பாகம் பெற்றவன் தலையில் கடன் ஏறுமேயன்றி வீட்டில் ஓர் ஓடும் கூடாது. அந்தச் சுமை கட்டணமாக மக்கள்மேல் இறங்கியது. பின்னர் அரசே அந்த உயர்வை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

1999-இல் பகிர்மானம் நான்கு நிறுவனங்களாக விற்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 51 விழுக்காட்டுப் பங்கு தனியாருக்கு. நான்குக்கும் கிடைத்த தொகை 159 கோடி ரூபாய். மூன்றை பம்பாயைச் சேர்ந்த பி.எஸ்.இ.எஸ். ஏப்ரலில் பெற்றது. புவனேசுவரம், கட்டாக், பூரி அடங்கிய மத்தியப் பகுதியை அமெரிக்காவின் ஏ.இ.எஸ். செப்டம்பரில் பெற்றது.

அடுத்த மாதமே, அக்டோபர் 29 அன்று, பாரதீப் அருகே பெரும்புயல் கரை கடந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்கள் போயின. மின்கம்பங்களும் மின்மாற்றிகளும் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. நிமிர்த்துவது யார்? அதற்குப் பணம் தருவது யார்? அரசு பெரும்பங்கு உடைமையாளர் அல்லாதாகிவிட்டது. நிறுவனமோ வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. வசூல் தேறவில்லை, வாங்கிய மின்சாரத்திற்குப் பணம் செலுத்துவதில் தகராறு முற்றியது. 2001-இல் ஏ.இ.எஸ். நிர்வாகத்தை விட்டு விலகியது. விளக்கு எரிய வேண்டுமே! ஒழுங்குமுறை ஆணையம் நிர்வாகியை நியமித்து அப்பகுதியை நடத்தத் தொடங்கியது. இழப்பு ஒருவருடையதாகவும் பொறுப்பு வேறொருவருடையதாகவும் பிரிந்து நின்றதை ஒப்பந்தம் எழுதியோர் முன்கூட்டி நினைத்திருக்க வேண்டாமா?

மற்ற மூன்றும் பின்னர் ரிலையன்ஸ் கைக்குச் சென்றன. இழப்பு போதிய அளவு குறையவில்லை, முதலீடும் வரவில்லை என்று 2015-இல் ஆணையம் அவற்றின் உரிமத்தை ரத்து செய்தது. அந்நிறுவனங்களை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. காசு கட்டாத நுகர்வோரும், திருட்டைக் காத்த உள்ளூர்ப் பெரியவர்களும், மானியத்தை நிறுத்திக் கைகழுவிய அரசும் இதில் பங்காளிகளே.

2019 மே 3 அன்று ஃபனி புயல் பூரியைத் தாக்கியபோது அந்த மத்தியப் பகுதி ஆணையத்தின் பொறுப்பிலேயே இருந்தது. ஆந்திரம் முதலிய அண்டை மாநிலங்களின் தொழிலாளர்களும் வந்து கம்பம் நட்டனர். மறு ஆண்டு ஜூனில் அது டாடா பவர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2021 ஏப்ரலுக்குள் மற்ற மூன்றும் அவ்வாறே சென்றன. இம்முறையும் தனியாருக்கு 51 விழுக்காடு. மீதி 49 அரசு நிறுவனத்திடம்.