மறுப்பு எழுதப் பிறந்த பத்திரிகைகள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகத் தி. முத்துசுவாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, நகரத்தில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமத்தில் வேலை பார்த்து, பிறகு படித்து மேலேறியவர் அவர். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதை அந்தப் பத்திரிகைகளால் ஒப்ப முடியவில்லை. படித்தவர்களுக்கு உள்ளம் எரிந்தது. பதில் எழுதலாம், ஆனால் யார் அச்சிடுவார்கள்?

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிவந்த ஆறு இளைஞர்கள் தாங்களே அச்சிடுவதென்று முடிவெடுத்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். கையில் காசில்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து' இப்படித்தான் வெளிவந்தது. அப்போது அது வார இதழ், விலை நாலணா. வாரம் மும்முறை வெளிவர அதற்கு ஐந்தாண்டுகள் பிடித்தன, நாளிதழானது 1889-இல்தான்.

ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய பதில் யாரைச் சேர்ந்தது? ஆங்கிலேயரையும், ஆங்கிலம் படித்த மிகச் சிலரையும். இது சுப்பிரமணிய ஐயருக்குச் சீக்கிரமே உறைத்தது. 1882-இல் தமிழில் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 'ஹிந்து'வை விட்டு 1898-இல் விலகிய பிறகு, மறு ஆண்டே அதை நாளிதழாக்கினார். பாரதி 1904-இல் உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தது இந்த அலுவலகத்தில்தான்.

சென்னைப் பத்திரிகை வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகவே வந்து பாரதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கதை. ஆங்கிலேயருக்குப் பதில் சொன்ன காங்கிரஸ்காரர்களுக்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் அதே ஊரில் இருந்தார்கள்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். வசைச் சொல்லாக வீசப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தது எத்தனை பெரிய துணிவு! அந்த நாளில் ஒரு கோரிக்கை சூடாக விவாதிக்கப்பட்டுவந்தது. உயர் அரசுப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சீனிவாசன் வேறொன்றைப் பார்த்தார். இங்கே தேர்வு வைத்தால் எழுதி வெல்லப்போவது மேல்சாதியார். நாளைக்குச் சேரிக்காரன் தன் குறையைச் சொல்லி நிற்கவேண்டியது அவர்கள் முன்னால்தான். பள்ளிக்கூட வாசலே திறக்காத மக்களுக்கு அந்தத் தேர்வால் என்ன பயன்?

வாதத்தை இதழோடு அவர் விட்டுவிடவில்லை. 1893 டிசம்பரில் இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். எதிர்ப்பு மனு எழுதப்பட்டது. கையெழுத்துகள் 3,412, மனுவின் நீளம் 112 அடி. அது இங்கிலாந்து பாராளுமன்றம்வரை போனது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே அரிதாயிருந்த சேரிகளில் இத்தனை பேரைத் திரட்ட எத்தனை தெரு நடந்திருக்க வேண்டும்!

இப்படிப் பேசியதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றுக்காக 1896-இல் வழக்குப் போட்டார்கள். சீனிவாசனுக்கு நூறு ரூபாய் அபராதம். அதற்குப் பிறகும் இதழ் நிற்கவில்லை. 1900 வரை நடந்தது.

ஏழாண்டு கழித்து அதே இராயப்பேட்டையில் அயோத்திதாசர் தன் இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று வந்த வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. வீட்டுக்குள் சாதியை வைத்துக்கொண்டு வீதியில் சுயராச்சியம் கேட்பதெப்படி என்று அவர் வாரந்தோறும் கேட்டார். வாசகர்கள் எழுதியனுப்பிய சந்தேகங்களுக்கும் பதில் எழுதினார். அடுத்த ஆண்டே 'ஒரு பைசா' உதிர்ந்து பெயர் 'தமிழன்' ஆனது. 1914 மே மாதம் அயோத்திதாசர் மறையும்வரை அதில் எழுதிக்கொண்டிருந்தார்.