பாலூட்டும் செவிலியும் மதுவும்

உரோமைப் பேரரசர் டிராசன், ஏட்ரியன் ஆகியோர் காலத்தில் வாழ்ந்த எபேசு நகரத்துச் சொரானசு என்னும் மருத்துவர், மகளிர் மருத்துவம் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய நூல் இன்றும் கிடைக்கின்றது. பாலூட்டும் செவிலியின் ஒழுக்கத்தை விரிக்குமிடத்து, அவள் மதுவை விலக்குதல் வேண்டும் என்கிறார் அவர். காரணம் மூன்றும் காட்டுகிறார். மது அவள் உடலையும் உள்ளத்தையும் கெடுத்து, அதன்வழிப் பாலையும் கெடுக்கும். எழுப்புதற்கரிய துயிலில் ஆழ்ந்து அவள் குழவியைப் பேணாது விடுவாள். அதன்மேல் விழுதலும் கூடும். மதுவின் தன்மை பாலில் இறங்குதலால் குழவி சோர்ந்து மயங்கும், வலிப்பும் காணும்.

இவற்றுள் இரண்டாவதே நம் கருத்தை ஈர்ப்பது. பாலை மட்டுமன்றிப் பாலூட்டுபவளின் துயிலையும் அவர் எண்ணியுள்ளார். மது அருந்திய தாய் குழந்தையோடு ஒரே படுக்கையில் துயிலலாகாது என்று இக்கால மருத்துவர் கூறுவதும் இதுபற்றியே.

எனினும், மது பாலைப் பெருக்கும் என்னும் மாறுபட்ட கொள்கையும் மேலை நாடுகளில் வேரூன்றிற்று. அமெரிக்காவில் அன்ஃகைசர்-புஷ் என்னும் பீர் நிறுவனம் 1895-இல் வெளியிட்ட 'மால்ட்-நியூட்ரின்' என்னும் பானத்தில் சிறிதளவு ஆல்ககால் இருந்தது. பாலூட்டும் தாயர்க்கு ஏற்ற சத்துப் பொருளாகவே அது விளம்பரம் பெற்றது.

இக்கொள்கையை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது, ஆனால் பொருந்தாது. ஜூலி மென்னெல்லா, கேரி பியூசாம்ப் ஆகியோர் பன்னிரண்டு தாயரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஒரு நாள் ஆரஞ்சுச் சாறும், மற்றொரு நாள் ஆல்ககால் கலந்த அதே சாறும் அவர்கட்கு அளிக்கப்பட்டன. ஆல்ககால் அருந்திய நாளில் பாலின் மணம் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் மிகுந்தது. குழந்தைகள் தொடக்கத்தில் முன்னினும் விரைந்து உறிஞ்சின. ஆயின் உட்கொண்ட பாலோ குறைந்தது. பாலை வெளிப்படுத்தும் ஆக்சிடோசின் குறைய, பாற்சுரப்பிற்குரிய புரோலாக்டின் உயர்தலை 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று. மார்பின் நிறைவை உணர்ந்து, குழவியின் விரைவையும் கண்ட தாய், பால் பெருகிற்று எனக் கருதியதில் வியப்பில்லை. எடையிட்டு அளந்தவர் வரும்வரை அக்கருத்தை மறுக்கச் சான்று ஏது?

பாலில் மதுவின் தன்மை இறங்கும் என்றதில் சொரானசு பிழைபட்டிலர். குருதியில் ஆல்ககால் குறையுந்தோறும் பாலிலும் அது குறைதலை அவர் காலத்தார் அறிய வழியில்லை. அதனால், பாலைக் கறந்து கொட்டுதல் அந்நீக்கத்தை விரைவுபடுத்துவதில்லை. அறவே அருந்தாமையே நன்று என்னும் இன்றைய அமெரிக்க மருத்துவத் துறையினர், அருந்தியவர் ஓர் அளவுக்கு 2 மணி நேரமேனும் கழித்தே பாலூட்ட வேண்டும் என்கின்றனர். ஈண்டு ஓர் அளவு என்பது 14 கிராம் ஆல்ககால்.