சீட் கிடைத்தது... பணம் வரும் என்று எப்போது தெரிந்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "பையனுக்கு எங்கீங்க சீட் கிடைச்சுது?" என்பது முதல் கேள்வி. "வருசத்துக்கு எவ்வளவுங்க ஆகுது?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இருக்கும் உற்சாகம் இரண்டாவது கேள்வியில் பாதியாகக் குறைந்துவிடும்.

சீட்டுக்கும் பணத்துக்கும் நடுவில் நடக்கும் இந்த இழுபறிக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. உதவித்தொகை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அது கிடைக்கும் என்று எப்போது தெரிகிறது, எந்த நிபந்தனையோடு கிடைக்கிறது என்பது மீதிப் பாதி.

ஈரோட்டில் பிறந்தவரின் உதவித்தொகை

கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணத்தில். 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். டெர்முக்கு 32 ரூபாய் கட்டணம். துணிக்கடையில் கணக்கு எழுதிய அவருடைய அப்பாவின் மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அதாவது ஒரு டெர்ம் கட்டணம் ஒன்றரை மாதச் சம்பளம்!

கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் ராமானுஜன் மற்ற பாடங்களில் தேறவில்லை. உதவித்தொகை நின்றது. உதவித்தொகை நின்றவுடன் படிப்பும் நின்றது. கல்லூரி அவரை வெளியே போகச் சொல்லவில்லை, கட்டணம் கட்ட முடியாததால் வெளியே போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

பத்து வருடம் கழித்து, 1914ல் கேம்பிரிட்ஜ் போனபோது நிலைமையே வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதில் 50 பவுண்டு குடும்பச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. கப்பல் ஏறும் முன்பே பல்கலைக்கழகத்தின் பணம் முடிவாகிவிட்டது. ஊரில் உள்ள குடும்பத்துக்கும் வழி செய்யப்பட்டது. இந்த முறை பரிட்சை மார்க் என்ற நிபந்தனை குறுக்கே நிற்கவில்லை.

ஒரே மாணவர், இரண்டு உதவித்தொகை. முதலாவது பாதியில் கைவிட்டது, இரண்டாவது கடைசிவரை தாங்கியது.

மில் பணமும் அரசு மானியமும்

கோவையில் கல்லூரிகள் வந்த கதை பஞ்சாலைகளோடு சேர்ந்தது. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்த அறக்கட்டளையின் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951ல் தொடங்கியது. அதற்கு முன்பே 1945ல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியில், அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. அதுதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி. எனும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1956ல் சி.ஐ.டி. வந்தது.

இந்தத் தலைமுறைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவாக இருந்ததற்குக் காரணம் எளிது. அரசுக் கல்லூரி என்றால் செலவு அரசுடையது. அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் கட்டடமும் நிலமும் அறக்கட்டளை கொடுத்தது, ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் வந்தது. ஒரு கல்லூரியின் மிகப் பெரிய செலவே சம்பளம்தான். அது மாணவன் தலையில் விழாதபோது கட்டணம் தானாகக் குறைகிறது.

ஆனால் சீட்டுகள் மிகக் குறைவு. அந்தக் காலத்தில் "பணம் எப்படி" என்று கவலைப்படும் இடத்துக்கு வந்தவர்களே கொஞ்சப் பேர்தான். பெரும்பாலானோர் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள்.

1984: கேள்வி மாறியது

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984ல் சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. கொங்கு நாட்டில் அதே ஆண்டில் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும், கோவையில் குமரகுரு கல்லூரியும் தொடங்கின. 90களில் திருச்செங்கோடு, சத்தியமங்கலம் என்று கல்லூரிகள் வரிசையாக வந்தன. முன்பு பஞ்சாலைக்கோ விசைத்தறிக்கோ போயிருக்க வேண்டிய பிள்ளைகள், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியர் ஆனார்கள். இது சாதாரண மாற்றம் இல்லை.

ஆனால் "சுயநிதி" என்ற சொல்லின் பொருள் என்ன? சம்பளம், கட்டடம், லேப் எல்லாவற்றுக்கும் மாணவர் கட்டும் பணம்தான் நிதி. மானியம் கிடையாது. இந்த வித்தியாசத்தை ஒரே வளாகத்துக்குள்ளேயே பார்க்கலாம். பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒரே கேட், ஒரே கேன்டீன், கட்டணம் மட்டும் இரண்டு விதம்!

ஃப்ரீ சீட், பேமென்ட் சீட்

நன்கொடை என்ற பெயரில் வசூல் பெருகவே தமிழ்நாட்டில் 1992ல் கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடகத்தில் மருத்துவ சீட்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் 2,000 ரூபாய், அந்த மாநிலத்து மற்ற மாணவர்களுக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000 என்று ஆண்டுக் கட்டணம் இருந்தது. உத்தரப் பிரதேசத்துப் பெண்ணான மோகினியிடம் 60,000 கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அவர் எழுப்பிய கேள்வியை ஏற்றது.

அடுத்து 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு வந்தது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் ஃப்ரீ சீட், பாதி இடம் பேமென்ட் சீட். ஃப்ரீ சீட்டுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். பேமென்ட் சீட்காரர் கூடுதலாகக் கட்டி அந்தக் குறையை நிரப்ப வேண்டும். அடுத்த சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் "ஃப்ரீ சீட்டா, பேமென்ட் சீட்டா?" என்பது ஒருவருடைய தகுதியைக் கேட்கும் கேள்வியாகவே ஆகிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்லது இருந்தது. எந்த சீட்டுக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். ஒரு கெட்டதும் இருந்தது. நல்ல பள்ளி, கோச்சிங் கிடைத்த நகரத்துப் பிள்ளைகள் ஃப்ரீ சீட்டை எடுத்தார்கள். வசதி குறைந்த ஊர்களில் படித்த பிள்ளை பேமென்ட் சீட்டுக்குத் தள்ளப்பட்டு, வசதி உள்ளவருக்கும் சேர்த்துக் கட்டியது. 2002 அக்டோபரில் டி.எம்.ஏ.பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி இத்திட்டத்தை நீக்கியது. பிறகு கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு என்று இரண்டு கட்டணம் நிலைத்தது. 2010 வாக்கில் பொறியியலுக்கு அரசு ஒதுக்கீட்டில் 32,500 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 62,500 ரூபாய். விடுதி, பஸ், புத்தகம் தனி.

வங்கி வந்தது

2001ல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரி கல்விக் கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு இந்தக் கடனை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் ஒன்றானது.

இதன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு கடன், 12 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 60,000. இரண்டாவதற்கு 48,000, மூன்றாவதற்கு 36,000, நான்காவதற்கு 24,000. மொத்தம் 1,68,000. அதாவது தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் 5,68,000 ஆகியிருக்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய். முதல் வேலையின் சம்பளம் அதைத் தாங்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. 2009-10 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் வந்தது. மேலே போட்ட கணக்கில் அந்த 1,68,000 முழுவதும் குறையும் என்றால் அது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் கடனில் ஒரு சிக்கல் இருந்தது. சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் இல்லாமல் வங்கியில் விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியோ சில நாட்களில் முதல் கட்டணத்தைக் கேட்கும். வங்கி கையெழுத்துப் போட வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள்? அம்மாவின் நகை அடகுக்குப் போனது. ஏலச்சீட்டு தள்ளி எடுக்கப்பட்டது. விலை ஏறும் என்று இருப்பு வைத்திருந்த மஞ்சள் கிடைத்த விலைக்குப் போனது. இதில் எதுவும் இல்லாத வீட்டில் சீட் கைவிட்டுப் போனது.

2010ல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரி சலுகை இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், கவுன்சிலிங் மூலம் சேரும் ஒருவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. தாசில்தார் அலுவலகச் சான்றிதழை முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே சலுகை உண்டு என்பது தெரிந்துவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது என்பதும் தெரிந்துவிடும். தெரிந்த நிபந்தனையை வைத்துக் குடும்பம் கணக்குப் போடலாம்.

2020 நவம்பர்

தாமதமாக வரும் உதவி என்ன செய்யும் என்பதற்கு 2020ஐ விடத் தெளிவான உதாரணம் இல்லை. நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். சேருவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. அரசு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குச் சட்டம் இயற்றியது. கவர்னரின் ஒப்புதல் தாமதமாகி அக்டோபர் கடைசியில்தான் வந்தது. நவம்பர் 18ல் கவுன்சிலிங் தொடங்கியது.

முன்னூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டாக்டர் ஆகும் வாய்ப்பு. அவற்றில் ஒரு பகுதி தனியார் கல்லூரிகளில் இருந்தது. அங்கே அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமே ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் அளவில். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் என்ன செய்யும்? சில மாணவர்கள் கிடைத்த சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த சில நாட்களில், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் சீட்டை விட்டவர்கள் ஏற்கெனவே விட்டுவிட்டார்கள். தங்களுக்கு மறுபடி வாய்ப்பு வேண்டும் என்று நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைகள் எடுத்த முடிவு தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்குத் தெரிந்த தகவலை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். கணக்கில் இருக்க வேண்டிய ஒரு வரி அவர்களிடம் கொடுக்கப்படவில்லை.

2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு விரிவானபோது, கல்வி மற்றும் விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது மாணவர்களுக்குச் சேர்க்கை ஆணை வழங்கிய விழாவிலேயே அறிவிக்கப்பட்டது. 2022ல் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. ஆயிரம் ரூபாய் கட்டணத்தை அடைக்காது. ஆனால் பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் மாதாமாதம் வரும் தொகை அது.

இந்த வரலாற்றிலிருந்து, கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு யோசிக்கும் வீட்டுக்குக் கிடைப்பது மூன்று கேள்விகள். முதல் ஆண்டுக் கட்டணம் மட்டும் இல்லாமல், விடுதியும் பஸ்ஸும் சேர்த்துப் படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு? கிடைக்கும் உதவி எல்லா ஆண்டுக்கும் உண்டா, அரியர் விழுந்தால் நிற்குமா? பணம் எந்தத் தேதியில் வரும், அதுவரை யார் கட்டுவது? கல்லூரி ஆபீஸிலும் வங்கியிலும் கூச்சப்படாமல் இவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அரசுக்கும் கல்லூரிகளுக்கும் கேள்வி ஒன்றுதான். கொடுக்கப்போகும் உதவியை, மாணவர் "வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நாளுக்கு முன்பே சொல்ல முடியாதா?