லயத்து வீடும் தமிழர் துப்புரவும்

மலாயாத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் துப்புரவு அறியாதவர் என்றொரு பழிச்சொல் அந்நாளில் துரைமார் பலரிடம் வழங்கிற்று. வரலாற்றைச் சற்றே ஆராய்வோர்க்கு இப்பழி பொருந்தாது என்பது விளங்கும். மாறியது மக்களின் இயல்பன்று. அவர்கள் கால்வைத்த மண்ணும் குடிபுகுந்த வீடுமே மாறின.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தே அவர்களுட் பலர் வந்தனர். அங்கே குடிசை சிறிதாயினும் வாழ்க்கை குடிசைக்குள் அடங்கியதன்று. சாணமிட்டு மெழுகிய மண் தரையில் அடுப்பு. குளிக்கக் குளமோ ஆறோ. வெளிக்குப் போக ஊருக்கு அப்பாலுள்ள காடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அவற்றிடையே தூரமும் உண்டு. அத்தூரமே அவ்வூர்களின் சுகாதாரமாக இருந்தது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ, பின்னாளில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்ற போர்ட் சுவெட்டன்காமிலோ இறங்கியவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது லயம். வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அவ்வாறு திரிந்தது. ஒரே கூரையின்கீழ்ப் பெரும்பாலும் பத்தடிச் சதுர அறைகள். முன்னே ஒரு தாழ்வாரம். பலருக்கும் பொதுவான குழாயும் கழிப்பிடமும். ஊரில் விலகி நின்றவையெல்லாம் இங்கே நெருங்கி வந்தன.

தூண்கள்மேல் உயர்த்திப் பலகைத் தளமிட்ட லயங்களில் சாணம் மெழுகுவது எங்ஙனம்? மரத்தளத்தில் அடுப்பு மூட்டுவதுதான் எங்ஙனம்? பெண்கள் தாழ்வாரத்திலும் வீட்டடியிலும் மண் அடுப்பு அமைத்துக்கொண்டனர். பட்ட ரப்பர்க் கிளைகளை விறகாக்கினர். பொதுக் குழாயோ சிலருக்குப் பெரும் பேறாயிற்று. ஊர்க் கிணற்றை அணுகவிடாமல் தடுக்கப்பட்டிருந்த சேரி மக்கள் கைக்கெட்டும் தூரத்தில் நீர் கண்டனர். ஆயினும் சாதிப் பிணக்கு லயத்திலும் உடனே ஒழிந்துவிடவில்லை.

கழிப்பிடமே அனைத்தினும் கடினமாக இருந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தார் அனுப்பிய ஆய்வுக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் கொக்கிப் புழு நோயை ஆராய்ந்தது. அப்புழுவின் குஞ்சுகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுவன. பின்னர்க் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவன. வறண்ட நிலத்தின் வெயில் அவற்றைக் கொன்றுவிடும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலாயாவில், ரப்பர் மர நிழலில், அவை செழித்தன. ஊரில் தீங்கு குறைந்திருந்த பழக்கமே இங்கு நோய்க்கு வாயிலாயிற்று. வெறுங்காலுடன் பால்வெட்டச் சென்றவர்களுக்கு இதனை யார் எடுத்துரைத்தார்?

பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பிடம், அதில் நாற்றம், இரவில் விளக்கில்லாத வழி. இவற்றைக் கண்டு பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கினால் அதனை அறியாமை என்று மட்டும் சொல்லலாகாது. கட்டிக் கொடுப்பது ஒன்று. பயன்படுத்தத்தக்கதாய் வைத்திருப்பது வேறொன்று. காரணத்தைத் தாய்மொழியில் விளக்குவது மூன்றாவது கடமையாகும்.

இம்மூன்றாவது கடமையில் தோட்டப் பள்ளிக்குப் பங்குண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிவகுத்தது. அங்கே படித்த சுகாதாரப் பாடத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். வீட்டின் தரத்தை உயர்த்தும் பொறுப்போ முதலாளிகளுடையது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1966இல்தான் பிறந்தது. 1990இல் அது விரிவாக்கப்பட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அம்மக்களின் பேரப்பிள்ளைகள் பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். மின்தூக்கியும் அடைத்த சுவர்களும் அவர்களை மீண்டும் புதிதாய்ப் பழகச் செய்தன. பழைய பழிச்சொல்லும் சில வேளை உடன் வந்தது. வகுப்பில் லயத்து வரலாற்றைக் கூறும் ஆசிரியர்கள், பாட்டனும் பாட்டியும் எவ்விடத்திலிருந்து எவ்விடத்திற்கு வந்து, எதனை எவ்வாறு கற்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக. அதை அறிந்த பிள்ளை தன் முன்னோரைக் குறித்து நாணித் தலைகுனிய வேண்டியதில்லை.