வட்டுப் படிமத் தானியங்கி ஏற்றம்

குறுவட்டு, டிவிடி, வன்வட்டு ஆகியவற்றின் உள்ளடக்கத்தைக் கோப்புறை அமைப்போடு ஒரே கோப்பில் அடக்கிய நகல், வட்டுப் படிமம் அல்லது டிஸ்க் இமேஜ் எனப்படும். பயனர் ஒவ்வொரு முறையும் கட்டளையிடாமலே கணினி அதை ஒரு வட்டாகத் திறந்து வைப்பது தானியங்கி ஏற்றம். டிவிடி டிரைவ் இல்லாத கணினிகளுக்கு இது பெரிதும் உதவுகிறது.

செயல்முறை: லினக்ஸில் ‘லூப்’ சாதனம் படிமக் கோப்பை ஒரு வட்டாகக் கர்னலுக்கு, அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதிக்கு, காட்டுகிறது. எவற்றை எங்கே ஏற்ற வேண்டும் எனப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் படிமத்தின் இடம், ஏற்றும் கோப்புறை, கோப்பு முறைமை, லூப் விருப்பம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதினால், கணினி தொடங்கும்போதெல்லாம் படிமம் ஏறிவிடும். ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்த்தால், படிமம் காணாமல் போனாலும் கணினி நிற்காமல் தொடங்கும். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ வகைப் படிமக் கோப்பை இருமுறை சொடுக்கினாலே திறக்கும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் தானாக ஏற, பணிகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், படிமத்தை ஏற்றும் பவர்ஷெல் கட்டளையைப் பதிய வேண்டும்.

தமிழ்நாட்டில்: 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் லினக்ஸ் இவ்வழியே கைக்கு எட்டியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ், ஐஎஸ்ஓ படிமமாகவே வெளியிடப்படுவதால், அதையும் மேற்சொன்ன முறைகளில் ஏற்றலாம்.

பாதுகாப்பு: தீநிரல்கள் படிமங்களுக்குள் ஒளிந்து பரவியதால், இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓவின் உட்கோப்புகளுக்கும் எச்சரிக்கைக் குறி சேரும்படி மைக்ரோசாஃப்ட் 2022 நவம்பரில் விண்டோஸைத் திருத்தியது. நம்பகமான படிமங்களை மட்டுமே தானாக ஏற்ற வேண்டும்.