காவல் மரண விசாரணை: குடும்பத்தின் வழக்குரைஞருக்குச் செலவை ஏற்பது யார்?

திருப்பதி: சேஷாசலம் வனப்பகுதியில் 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சந்திரகிரி அருகே இரு வேறு இடங்களில் உடல்கள் கிடந்தன. தொழிலாளர்கள் கற்களாலும் ஆயுதங்களாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்ததாக ஆந்திரக் காவல்துறை கூறியது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையோரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய குடும்பத்தினருக்குச் சம்பவம் நடந்த மாநிலத்தின் மொழி தெரியாது. அங்குள்ள நீதிமன்றமும் தெரியாது. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.

காவல்துறையினரால் ஓர் உயிர் போனதாகச் சொல்லப்படும் நிலையில் நடைபெறும் விசாரணையில், அரசுத் தரப்புக்காக வாதிடும் வழக்குரைஞர்களுக்கு ஊதியம் பொதுப் பணத்திலிருந்து செல்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்காகப் பேசுபவருக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் நேரடியான விடை எதையும் வைத்திருக்கவில்லை. அரைகுறையான விடை ஒன்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அது போதுமா என்பதைச் சேஷாசலம் நிகழ்வை வைத்தே பார்க்கலாம்.

விசாரிப்பவர் யார் என்பதே முதல் சிக்கல்

காவலில் உள்ள ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்ற விதி, 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டு, 2006 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இப்பணி வருவாய்த் துறையைச் சார்ந்த நிர்வாக நடுவர்களிடமே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவ்விதி 196ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

ஆனால் மோதல் மரணம் என்று காவல்துறை பதிவு செய்தால், இறந்தவர் காவலில் இருந்தவராகக் கொள்ளப்படுவதில்லை. சேஷாசலத்தில் இந்த வேறுபாடே அடிப்படைப் பிரச்சினையாக இருந்தது. தொழிலாளர்கள் முன்னதாகவே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டதாக, உயிர் தப்பியவர்கள் பின்னர் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் முன் கூறினர். அது உண்மையென்றால் அவை காவல் மரணங்கள். காவல்துறை சொல்வது உண்மையென்றால் வனத்தில் நிகழ்ந்த மோதல். இவ்விரண்டில் எது என்று முடிவாகும் முன்பே, விசாரிக்கும் அதிகாரி யார் என்பது காவல்துறையின் முதல் பதிவைக் கொண்டு தீர்மானமாகிவிடுகிறது. இதைக் கேள்விக்குள்ளாக்க முதல் நாளிலேயே ஒரு வழக்குரைஞர் தேவை.

மோதல் மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த மகாராஷ்டிர வழக்கில் 16 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும்; வேறொரு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ புலனாய்வு செய்ய வேண்டும்; நடுவர் விசாரணை கட்டாயம்; நெருங்கிய உறவினருக்கு விரைவில் தகவல் தர வேண்டும்; நெறிகள் மீறப்பட்டதாகக் கருதும் குடும்பத்தினர் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம் என்பன அவற்றுள் அடங்கும். அந்த முறையீட்டை எழுதித் தரும் வழக்குரைஞரை அரசுச் செலவில் அமர்த்துவது பற்றி அவற்றில் நெறி ஏதுமில்லை. சேஷாசலத் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தபோது இத்தீர்ப்புக்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை.

உடனிருக்கலாம், கேட்க முடியுமா?

நடுவர் விசாரணை குறித்து உறவினர்களுக்கு இயன்றவரை தகவல் தெரிவித்து, அவர்கள் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. சட்டத்தின் சொல் அவ்வளவுதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ ஆவணம் கோரவோ வழக்குரைஞர் வழியே வாதிடவோ அந்தப் பிரிவு வெளிப்படையாக உரிமை தரவில்லை. நடுவர் அனுமதித்தால் உண்டு. அரசு அமைக்கும் விசாரணை ஆணையங்களிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி அரசும், நற்பெயருக்குப் பாதிப்பு நேரக்கூடியவர்களும் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றவர்கள். சாட்சியம் அளிக்கும் ஏனையோர் ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும். துப்பாக்கியால் சுட்டதாகக் கூறப்படும் அதிகாரியின் நற்பெயர் இங்கே உரிமையாகிறது. சுடப்பட்டவரின் மனைவிக்கு அனுமதி தேவைப்படுகிறது.

நேரமும் குடும்பத்துக்கு எதிராகவே ஓடுகிறது. காவல் மரணத்தில் உடலை 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். தாமதத்தைத் தடுக்கும் நல்ல விதிதான். எனினும் உடற்கூறாய்வு முடிந்து உடல் எரியூட்டப்பட்டுவிட்டால், மறு ஆய்வுக்கு வழியே இராது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020ஆம் ஆண்டு இறுதியில், காவல் மரணங்களில் உடலைப் பார்க்க உறவினரை அனுமதிக்க வேண்டும் என்றும், உடற்கூறாய்வைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்றும், நீதிமன்றத்தை நாட விரும்புவதாகக் குடும்பம் தெரிவித்தால் குறைந்தது 48 மணி நேரம் உடலை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த 48 மணி நேரத்தில் வழக்குரைஞர் கிடைத்தால்தான் இவ்வுத்தரவு குடும்பத்துக்குப் பயன்படும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் தருவதும் விடுவதும்

அரசியலமைப்பின் 39ஏ பிரிவு, வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று கூறுகிறது. அதன்வழி இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. ஏனையோருக்கு மாநில அரசு நிர்ணயிக்கும் வருமான வரம்பு பொருந்தும்.

இப்பட்டியலைக் காவல் மரணத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படுகிறது. காவலில் இருக்கும்வரை அந்த மனிதருக்கு வரம்பின்றிச் சட்ட உதவி உண்டு. அவர் இறந்த கணத்தில் அவ்வுரிமையும் முடிந்துவிடுகிறது, குடும்பத்துக்கு மாறுவதில்லை. இறந்தவரின் மனைவியும் தாயும் பெண்கள் என்பதால் தகுதி பெறுவர். தந்தையோ சகோதரரோ வருமானச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். காவல்துறையால் நேர்ந்த மரணத்தில் உறவினர் என்ற தகுதி சட்டத்தில் எங்கும் இல்லை. 2022 முதல் மாவட்டங்களில் முழுநேர ஊதியத்துடன் இயங்கும் சட்ட உதவி எதிர்வாத வழக்குரைஞர் திட்டமும், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பழைய முறைப்படி, வழக்குக்கு இவ்வளவு எனச் சிறு மதிப்பூதியம் பெறும் குழு வழக்குரைஞர்களே.

பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும் சற்றுக் கூடுதலான வழி இருக்கிறது. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4ஆவது விதியின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் மூத்த வழக்குரைஞர் ஒருவரைச் சிறப்பு நீதிமன்ற வழக்குக்கு நியமித்து, பொருத்தமான கட்டணத்தையும் அரசுப் பணத்தில் வழங்கலாம். குடும்பம் விரும்பும் வழக்குரைஞருக்கு அரசு பணம் கொடுப்பது இந்நாட்டில் கேள்விப்படாத ஒன்றன்று என்பதற்கு இவ்விதியே சான்று. ஆனால் அது வழக்கு நீதிமன்றத்தை எட்டிய பிறகே பயன்படுகிறது. நடுவர் விசாரணைக் கட்டத்தில் இல்லை.

சேஷாசலத்தில் நடந்தது

திருப்பதியில் உடற்கூறாய்வு முடிந்து உடல்கள் ஊர் வந்து சேர்ந்தபின், திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இளம் மனைவி ஒருவர், கணவரின் உடலை மறு ஆய்வு செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். உடலைப் பாதுகாக்க உத்தரவு கிடைத்தது. சம்பவம் நடந்த இடம் ஆந்திரம் என்பதால், மேல் நடவடிக்கைக்கு அப்போது இரு தெலுங்கு மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்த ஹைதராபாத் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல நேர்ந்தது. அந்நீதிமன்ற உத்தரவின்படி, திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஆறு உடல்கள் மீண்டும் ஆய்வு செய்யப்பட்டன. அதிரடிப்படையினர் மீது சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலைப் பிரிவில் வழக்கும் பதிவானது. உயிர் தப்பியவர்கள் மனித உரிமை அமைப்புகளின் துணையுடன் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் ஆணையம் பரிந்துரைத்தது; அப்பரிந்துரைக்கு ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது.

இவற்றில் ஒவ்வோர் அடியையும் எடுத்துவைத்தவர்கள் அரசியல் கட்சிகளைச் சார்ந்த வழக்குரைஞர்களும் மனித உரிமை அமைப்புகளுமே. மறுபுறம் தடை பெற்ற அரசின் வழக்குச் செலவு கருவூலத்திலிருந்து சென்றது. 20 பேர் ஒரே நாளில் இறந்ததால் நாடு திரும்பிப் பார்த்தது, வழக்குரைஞர்கள் தேடி வந்தனர். ஒருவர் மட்டும் இறந்திருந்தால் யார் வந்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

அரசுகள் நிவாரணத்தொகை அறிவிக்கத் தயங்குவதில்லை. தமிழ்நாடு அரசு அப்போதும் அறிவித்தது. வழக்குரைஞருக்கான பணம் மட்டும் அந்த அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை.

உயர் நீதிமன்றம் தலையிட்டால்

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் மாதம் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் அடுத்தடுத்து இறந்தபோது, மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவரையே காவலர்கள் அவமதித்ததாக அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். காவல் நிலையம் வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. நடுவருக்கே அந்நிலை என்றால், துணையின்றிச் செல்லும் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இறந்த வழக்கிலும், மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க நியமித்தது அதே மதுரைக் கிளைதான்.

உச்ச நீதிமன்ற வரலாற்றில் இதற்கு முன்னோடி ஒடிசாவைச் சேர்ந்த நீலபதி பெஹரா வழக்கு. காவலில் எடுக்கப்பட்ட 22 வயது மகனின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்ததைத் தாய் 1988இல் கடிதமாக எழுத, நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீட்டுடன், உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழுவுக்கு 10,000 ரூபாய் வழக்குச் செலவும் மாநில அரசு தர வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. சட்ட உதவிக்கான செலவை அரசின் மீதே சுமத்திய அந்த வரி, இழப்பீட்டுக் கொள்கைக்காகப் புகழ்பெற்ற இத்தீர்ப்பில் அதிகம் பேசப்படுவதில்லை.

பிரிட்டன் சென்ற வழி

1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் 97 பேரைப் பறிகொடுத்த குடும்பங்கள், முதல் மரண விசாரணையில் தங்கள் வழக்குரைஞருக்குத் தாங்களே பணம் திரட்ட நேர்ந்தது. இரண்டாவது விசாரணை 2016இல் அம்மரணங்களைச் சட்டவிரோதக் கொலை என்று முடிவு செய்தது. அரசு அமைப்புகள் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளும் மரண விசாரணைகளில் குடும்பத்துக்கும் பொதுப் பணத்தில் வழக்குரைஞர் வேண்டும் என 2017இல் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. வருமானச் சோதனையின்றி அதை வழங்கும் பிரிவு கொண்ட மசோதா 2025 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. பரிந்துரைக்கும் மசோதாவுக்கும் இடையே எட்டு ஆண்டுகள்.

எல்லைப்புறக் குடும்பம் செய்யக்கூடியது

திருப்பதிக்குத் தெற்கே, தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் வெதுருகுப்பம் போன்ற மண்டலங்களில் வாழும் குடும்பத்துக்கு இப்போதுள்ள சட்டத்துக்குள் சில வழிகள் உண்டு. வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு சந்திரகிரி திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால், மரணம் எந்த எல்லைக்குள் நிகழ்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. விசாரிக்கும் நடுவர் அதைப் பொறுத்தே அமைவார். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் உதவி கோரலாம். அந்த ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம் உரிய மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ அனுப்பப்படும் என்பதால், தமிழ்நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பத்தை மனைவி, தாய் அல்லது மகள் பெயரில் அளித்தால் வருமானச் சான்றுக்காகக் காத்திருக்க நேராது.

உடற்கூறாய்வுக்கு முன்பே, உடலைப் பார்க்கவும் ஆய்வைக் காணொளியாகப் பதியவும் எழுத்துமூலம் கோரி, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். மறு ஆய்வு தேவைப்படலாம் என்று கருதினால், உடலைத் தகனம் செய்யாமல் நீதிமன்றத்தை நாடும் எண்ணத்தையும் அதே கடிதத்தில் குறிப்பிடலாம். மோதல் மரணம் என்று சொல்லப்பட்டு, ஆனால் முன்னரே பிடித்துச் செல்லப்பட்டார் என்பதற்குச் சாட்சி இருந்தால், நீதித்துறை நடுவர் விசாரணை கோரும் மனுவில் அதைத் தேதி, இடம், நேரத்துடன் எழுத வேண்டும். வழக்கு நீதிமன்றத்தை அடைந்த பிறகு, அரசுத் தரப்புக்கு உதவியாகத் தமது வழக்குரைஞரை வைத்துக்கொள்ள, இறந்தவரின் சட்டப்படியான வாரிசு நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். அந்த வழக்குரைஞரையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமே கேட்கலாம்.