பெண்ணின் ஆராய்ச்சிக்குத் துணை நிற்பது உதவித்தொகையே!



எதிரணித் தலைவி என்ன சொல்லிட்டுப் போனாங்க? "விஞ்ஞானி ஆகணும்னா பெண்ணுக்கு மன உறுதி போதும், மத்ததெல்லாம் தானா வரும்"னாங்க. நான் கேக்கிறேன், மன உறுதியைக் காட்டினா ஹாஸ்டல்ல சோறு போடுவாங்களா? (சிரிப்பு)

ஐயா, நாம நிக்கிற மண் எது? அன்றைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தானே, ஏன்? ஒரு பெண்ணின் அறிவு நீண்ட காலம் வாழணும்னு. அதே அதியமான் ஒரு முறை பரிசில் தரத் தாமதம் பண்ணினான். ஔவை வாயில்காவலனைப் பார்த்தே கோபமாப் பாடிட்டாங்க. புறநானூற்றிலே இருக்கு. உதவித்தொகை தாமதமாவது புது வியாதி இல்லை நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விஞ்ஞானத்துக்கு வருவோம். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை. அவர் அமெரிக்கா போனது எப்படி? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. அதிலே போனார். 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்து கரும்பின் குரோமோசோமை ஆராய்ந்தார். பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு அனுப்புற விவசாயிகளே, உங்க பயிரை ஆராய ஒரு பெண் வந்தாங்கன்னா, பெண்களுக்குன்னு யாரோ ஒதுக்கி வெச்ச பணம்தான் காரணம்! (கைதட்டல்)

அடுத்து அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1940இல் உதவித்தொகை பெற்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சர் சி.வி. ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆனா டாக்டர் பட்டம் கிடைக்கலை. "எம்.எஸ்சி. இல்லை"ன்னு சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துட்டது. மன உறுதிக்கு அங்கே என்ன குறை? விதிதான் குறை. அந்த அம்மாவை மேலே தூக்கி விட்டது எது? 1945இல் இங்கிலாந்து போக அரசு தந்த உதவித்தொகை. 1948இல் திரும்பி வந்து வானிலைத் துறையில் சேர்ந்தார். கிட்டத்தட்ட நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

இன்னிக்கு நிலை என்ன? குழந்தை, குடும்பம்னு ஆராய்ச்சியை விட்ட பெண்கள் திரும்பி வரணும்னு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டம் கொண்டு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிகளில், பிஎச்.டி. படிக்கிற பெண்ணுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும், படிப்பை முடிக்க இரண்டு வருஷம் கூடுதலும் தந்தது. எதிரணியைக் கேக்கிறேன், மன உறுதியே போதும்னா இத்தனை விதி எதுக்கு?

நம்ம அரசுப் பள்ளிப் பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. கல்லூரிக்கு மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம், வாழ்த்துறேன். ஆனா அது முதல் பட்டத்தோட நின்னுடுது. அதுக்கப்புறம்தான் வீட்டிலே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கிறான்! (சிரிப்பு) சிரிக்காதீங்க. பென்னாகரத்திலேயும் அரூரிலேயும் எம்.எஸ்சி. முடிக்கிற பெண்ணை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புறதா, கல்யாண மண்டபத்துக்கு அனுப்புறதான்னு அப்பா முடிவு பண்றது அந்த நேரத்திலேதான். "அப்பா, மாசாமாசம் எனக்கு உதவித்தொகை வருது, உங்களுக்குச் செலவில்லை"ன்னு அவள் சொல்ல முடிஞ்சா, அந்த முடிவே மாறும்!

பரிசில் தாமதமானா ஔவையாருக்கு வேற அரசன் இருந்தான். இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கா? ஆகவே பெண்ணின் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது காலத்தில் வந்து சேரும் உதவித்தொகையே என்று தகடூர் மண்ணில் நின்று தீர்ப்பு வேண்டி, விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)